ஏகமனதாக ஒரு பயிற்றுநர்

1

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை என் மகள் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். "மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு" என்று ஆங்கிலத்தில் தொடங்கி, "தங்கள் உண்மையுள்ள" என்று முடிந்து, அதன்கீழ் முழுப்பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. அவள் அப்போது எங்கள் ஹவுன்ஸ்லோ வீட்டின் மேல்மாடியில் இருந்தாள். நான் கீழே குசினியில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன். நடுவில் பதின்மூன்று படிகள்.

"ஆரபி, சாப்பிட வாறியோ?" என்று கூப்பிட்டேன்.

"மெயில் பாத்தீங்களா அப்பா?"

"பாத்தனான்."

"அப்ப ரிப்ளை பண்ணுங்கோ. ஒஃபிஷலா."

எங்கள் ஊர்க் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு லண்டனில் ஒரு கிளை உண்டு. பதினொரு வருடமாக நான்தான் செயலாளர். கல்லூரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், நான் சொல்லவந்ததை விட்டுவிட்டு, பெயரில் ஒரு சொல் விடுபட்டுவிட்டது என்று நாலு பேர் எனக்குக் கடிதம் போடுவார்கள்.

சங்கம் இருந்தால் உதைபந்தாட்ட அணியும் இருக்கவேண்டும். ஒவ்வொரு கோடையிலும் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனில் கூடிச் சுற்றுப்போட்டி நடத்துகின்றன. பழைய மாணவர்களுக்கு முழங்கால் போய்விட்டதால் இப்போது விளையாடுவது பிள்ளைகள். கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிற பதினொரு பேரில் ஒருவன்கூடக் கல்லூரி வாசலைக் கண்டதில்லை. இதை யாரும் வினோதமாக நினைத்ததில்லை. எனக்கே இப்போது எழுதும்போதுதான் அப்படிப் படுகிறது.

அணிக்கு இரண்டு பயிற்றுநர்கள். ஒருவர் பின்வரிசைக்கு, ஒருவர் முன்வரிசைக்கு. இதில் உதைபந்தாட்ட நுட்பம் ஏதுமில்லை. முன்பு இருவர் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டார்கள், இருவரையும் நோகவிடாமல் பதவியை இரண்டாகப் பிளந்தோம். முன்வரிசைக்காரர் போன வருடக் கடைசியில் கனடாவுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் ஆரபி விண்ணப்பித்திருந்தாள்.

2

அவளுக்கு இருபத்துநாலு வயது. பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படித்தாள். கடைசி இரண்டு வருடம் அங்கே பெண்கள் அணிக்கு முன்வரிசைப் பயிற்றுநராக இருந்தாள். இப்போது ஹவுன்ஸ்லோவில் சிறுமிகளுக்குப் பழக்குகிறாள். முறையான பயிற்றுநர் சான்றிதழ் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரே தாளில் வரிசையாகப் பார்த்தபோது யாரோ வேற்றுப் பிள்ளையைப் பற்றிப் படிப்பதுபோல் இருந்தது.

கடிதத்தில் ஒரு வரி இப்படி இருந்தது: "எட்டு வயதிலிருந்து இந்த அணியின் எல்லா ஆட்டங்களையும் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் ரோல்ஸும் வடையும் விற்கும் மேசைக்குப் பின்னாலிருந்து."

உண்மைதான். எங்களுடையது ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற கலவன் பாடசாலை. ஆனால் லண்டன் மைதானத்துக்கு வந்தால் பெண்கள் ரோல்ஸ் மேசைக்கும் ஆண்கள் எல்லைக்கோட்டுக்கும் தாமாகவே பிரிந்துவிடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

போன கோடையில் எங்கள் அணி மூன்று ஆட்டம் ஆடி ஒரு கோலும் அடிக்கவில்லை. காரணத்தை ஒரு பக்கத்தில் படம் கீறி இணைத்திருந்தாள். எங்கள் முன்வரிசைப் பெடியள் மூவரும் எந்தப் பந்துக்கும் நடுவுக்கே ஓடுகிறார்களாம். ஏனென்றால் எல்லைக்கோட்டில் நிற்கும் தகப்பன்மார் "நடுவுக்கு அடி, நடுவுக்கு அடி" என்று கத்துகிறார்களாம். எனவே அவளுடைய திட்டத்தின் முதலாவது அம்சம், தகப்பன்மாரை எல்லைக்கோட்டிலிருந்து இருபது மீற்றர் பின்னுக்கு நகர்த்துவது. கத்துகிறவர்களைச் சிறு குச்சி மனிதர்களாகக் கீறியிருந்தாள். ஒருவருக்குத் தொப்பி இருந்தது. லண்டன் வெயிலுக்கும் தொப்பி போடுகிறவன் எங்கள் சங்கத்தில் நான் ஒருவன்தான்.

விண்ணப்பம் கிடைத்ததென்று ஆங்கிலத்தில் இரண்டு வரி பதில் அனுப்பினேன். மேலே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

3

எங்கள் சங்கத்தில் தேர்தல் நடந்ததில்லை. சங்க விதிகள் அடங்கிய யாப்பில் வாக்கெடுப்புக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. அதை எழுதியவன் நான். ஆனால் கூட்டத்துக்கு முதல் கிழமை முழுக்கத் தொலைபேசிகள் அடிக்கும். யார் விரும்புகிறார், யார் நொந்துபோவார், யாரை யார் கதைத்து விலகச் செய்யலாம் என்று எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். கூட்டத்தில் ஒருவர் பிரேரிக்க, ஒருவர் ஆமோதிக்க, "ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்" என்று நான் எழுதுவேன். ஒருவரும் தோற்கமாட்டார்கள். தோற்றால் அடுத்த வருடம் வரமாட்டார்கள் என்ற பயம் எங்களுக்கு.

நான் ஹீத்ரோவில் சரக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். மதிய இடைவேளையில் சங்கத் தலைவர் ஞானம் அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"என்ன தம்பி, வேலையோ?"

"பிறேக்கிலை நிக்கிறன் அண்ணை, சொல்லுங்கோ."

"பிள்ளை கடிதம் போட்டிருக்காம்."

"ஓம் அண்ணை."

"நல்ல பிள்ளை. கெட்டிக்காரி. அதிலை ஒரு கதையும் இல்லை. ஆனா யோகன் இருக்கிறான் எல்லே."

யோகன் அண்ணை பிரான்ஸில் பத்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து கடை போட்டவர். பள்ளிக்கூடக் காலத்தில் எங்கள் அணியின் நடு முன்வரிசை ஆட்டக்காரர். இரண்டு காலாலும் அடிப்பார். சங்கத்துக்கு வாகனமென்றாலும் ஆளென்றாலும் கேட்ட நேரம் அனுப்புவார். போன வருடம் அவருக்குத் தலைவர் பதவி வரும் என்று எதிர்பார்த்து, வராமல், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர்.

"அவர் கேட்டவரோ அண்ணை?"

"கேட்கேல்லை. கேட்கிற ஆளே அவன்? ஆனா எதிர்பாக்கிறான். இந்த முறையும் குடுக்காட்டி மனுசன் விட்டிட்டுப் போயிடும். நீ பிள்ளையோடை கதை. அடுத்த முறை பாப்பமெண்டு சொல்லு. உன்ரை பிள்ளைதானே, சொன்னாக் கேட்கும்."

"கதைக்கிறன் அண்ணை" என்றேன்.

கதைக்கவில்லை. காலை வேலை என்றால் நான் போகும்போது அவள் தூக்கம். பின்னேரம் நான் வரும்போது அவள் மைதானம். இது நான் அப்போது எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். ஞாயிறு முழுக்க இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம், சேர்ந்து சாப்பிட்டோம், கராஜைத் துப்பரவாக்கினோம்.

என்னை யாரும் எதையும் கேட்டு வளர்க்கவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு நாள் என்னைப் பெற்ற ஐயா என் கடவுச்சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்குப் பெயர் கொடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகிறாய் என்றார். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். ஐயாவுக்கும் அது தெரிந்திருக்கும். அப்படித்தான் முதலில் ஜெர்மனி, பிறகு லண்டன். வந்தது நல்லதா கெட்டதா என்று இத்தனை வருடத்தில் நான் கணக்குப் பார்க்கவில்லை. கேட்காமல் செய்வது அன்பின் ஒரு வகை என்று மட்டும் எங்கேயோ படிந்துபோயிருந்தது.

4

கூட்டம் மனோர் பார்க்கில், ஞானம் அண்ணை வீட்டு முன்னறையில். எலிசபெத் லைன் ரயிலில் போகும்போது பையில் ஆரபியின் விண்ணப்பத்தை அச்செடுத்து வைத்திருந்தேன். வாசிப்பதா விடுவதா என்று முடிவு செய்யாமலே இறங்கினேன்.

ஏழு பேர் இருந்தோம். முன்வரிசைப் பயிற்றுநர் விடயம் தேநீருக்கும் கடலை வடைக்கும் பிறகு வந்தது. ஞானம் அண்ணை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"செயலாளர், விண்ணப்பம் ஏதும் கிடைச்சுதோ?"

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கிடைத்தது தெரியும். எல்லோரும் வடையைப் பார்த்தார்கள்.

"இல்லை" என்றேன்.

யோகன் அண்ணையின் பெயரை ஒருவர் பிரேரித்தார், ஒருவர் ஆமோதித்தார். யோகன் அண்ணை எழுந்து, தனக்குத் தகுதியில்லை என்று மூன்று நிமிடம் பேசிவிட்டு ஏற்றுக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. நான் "ஏகமனதாக" என்று எழுதினேன். கையெழுத்து வழக்கத்தைவிட நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆரபி, "மீட்டிங் எப்பிடிப் போச்சு?" என்றாள்.

"இன்னும் முடிவாகேல்லை. யோசிக்கினம்."

"ஓகே. நோ ரஷ்" என்றாள். அவளுடைய முகத்தில் நம்பிக்கை இருந்தது. அதைப் பார்த்தும் நான் சாப்பிட்டேன்.

5

பங்குனியில் சுற்றுப்போட்டிக் குழுவிடமிருந்து புதிய படிவம் வந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடுவதால், இந்த முறை அணிக்கு இரண்டு பயிற்றுநரைப் பதியவேண்டும், ஒவ்வொருவருக்கும் சான்றிதழும் பொலிஸ் பதிவுச் சோதனையும் வேண்டும். இல்லாத அணிக்கு இடமில்லை. பின்வரிசைப் பயிற்றுநர் பள்ளிக்கூட ஆசிரியர், அவரிடம் எல்லாம் இருந்தது. யோகன் அண்ணையிடம் இரண்டு கால்கள்தான் இருந்தன. படிவம் கொடுக்க இன்னும் ஒன்பது நாள். சோதனைக்கே பல கிழமை எடுக்கும்.

ஞானம் அண்ணைக்குச் சொன்னேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பிள்ளையிட்டை எல்லாம் இருக்குத்தானே. பேப்பரிலை பிள்ளையின்ரை பேரைப் போடு. கிறவுண்டிலை யோகன் நிக்கட்டும். ஆருக்கு என்ன நட்டம்?"

"யோகன் அண்ணைக்குச் சொல்லவேணும்."

"அவனுக்கு ஏன்? மனம் நோகும்."

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த விதத்தில் இதெல்லாம் பெரிய விடயமில்லை. ஒருவர் பெயரில் வீடு, இன்னொருவர் குடியிருப்பார். ஒருவர் பெயரில் கடை, இன்னொருவர் கல்லாவில் இருப்பார். பெயர் என்பது தேவைப்படுகிறவர் போட்டுக்கொண்டு போகிற குளிர்ச்சட்டை மாதிரி.

மகளின் விண்ணப்பத்தை எடுத்தேன். கூட்டத்தில் இல்லையென்று சொன்ன அதே தாள். பிறந்த திகதி, சான்றிதழ் இலக்கம், சோதனை இலக்கம் எல்லாம் அதில் அழகாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து நிரப்பினேன். மின்னஞ்சல் கேட்ட இடத்தில் அவளுடைய மின்னஞ்சலையே எழுதினேன்.

ஏன் என்னுடையதை எழுதவில்லை என்று பிறகு மனைவி கேட்டாள். பதில் வெட்கக்கேடானது. அகதி விண்ணப்பத்திலிருந்து இத்தனை வருடமாகப் படிவம் நிரப்பி நிரப்பி, ஒரு பெட்டியிலும் பிழை விடக்கூடாது என்ற பயம் எலும்பில் ஊறிவிட்டது. பொய்ப் படிவத்தையும் சரியாக நிரப்பினேன்.

6

இரண்டு நாள் கழித்து அவள் படிகளில் இறங்கிவந்த சத்தத்தில் வீடு அதிர்ந்தது. கையில் தொலைபேசி.

"அப்பா! யூ டிடின்ட் டெல் மீ!"

சுற்றுப்போட்டிக் குழுவின் மின்னஞ்சல். இன்ன கல்லூரி அணியின் முன்வரிசைப் பயிற்றுநராக நீங்கள் பதிவு செய்யப்பட்டிருக்கிறீர்கள், வாழ்த்துகள் என்று இருந்தது. கணினி தானாக அனுப்புகிற கடிதம். அவள் அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். பல்கலைக்கழகம் போன பிறகு அவள் என்னை அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும் எண்டு தெரியும். மகளுக்காகக் கதைச்சதெண்டு சொல்லுவினம். தாங்க்ஸ் அப்பா."

நான் அவளுடைய முதுகைத் தட்டினேன். வாயைத் திறந்தேன், ஆனால் வந்தது "சாப்பிட்டனியோ?" என்பதுதான்.

மனைவி அடுப்படியிலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரபி மேலே போனதும் கிட்ட வந்தாள்.

"அவை உண்மையிலை பிள்ளையைத்தான் எடுத்தவையோ?"

நான் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு, "இப்ப போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

"சனிக்கிழமைக்குள்ளை சொல்லுறன்."

"இப்ப சொன்னா அழுவாள். சனிக்கிழமை சொன்னா அழமாட்டாள். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

சனிக்கிழமை முதல் பயிற்சி. நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் ஆரபி மேசையில் தாள் பரப்பிப் படம் கீறினாள். கூம்புகள் வாங்கினாள், பெடியளின் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பாடமாக்கினாள். வெள்ளிக்கிழமை என்னிடம், "யோகன் அங்கிள் முந்தி நல்லா விளையாடினவராமே, அவரையும் ஒரு நாளைக்கு வரச் சொல்லுவமா? ஷூட்டிங் காட்டுறதுக்கு" என்றாள். நல்ல யோசனை என்றேன்.

7

சனிக்கிழமை காலை பத்து மணி. கவுன்சில் மைதானத்தில் புல் ஈரமாக இருந்தது. பெடியள் பதினாலு பேர் வந்திருந்தார்கள். ஆரபி எனக்கு முன்னமே போய்க் கூம்புகளை வரிசையாக வைத்திருந்தாள். தகப்பன்மாரிடம் சிரித்துக்கொண்டே கொஞ்சம் பின்னுக்குப் போகச் சொன்னாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தேன். அவர்கள் பின்னுக்குப் போனார்கள்.

அப்போது ஞானம் அண்ணையின் கார் வந்து நின்றது. அவரோடு யோகன் அண்ணை, புதிய ட்ராக்சூட்டில், கழுத்தில் விசிலோடு இறங்கினார். ஞானம் அண்ணையின் கையில் ஒரு பை. பையிலிருந்து பொன்னாடையை எடுத்தார், சிவப்பும் சரிகையுமாக.

எங்களுக்கு எதைத் தொடங்கினாலும் பொன்னாடை வேண்டும். அது தெரிந்திருந்தும் நான் மறந்துபோனேன்.

ஆரபி பொன்னாடையைக் கண்டாள். சின்ன வயதிலிருந்து எத்தனை பேருக்குப் போர்த்துவதைப் பார்த்திருப்பாள். சேறு பட்ட கையை அவசரமாகக் காற்சட்டையில் துடைத்தாள். ஜாக்கெட்டின் சிப்பை மேலே இழுத்துவிட்டாள். கூச்சமாகச் சிரித்தபடி இரண்டடி முன்னே வந்து தலையைக் கொஞ்சம் குனிந்தாள்.

ஞானம் அண்ணை அவளைத் தாண்டிப்போய் யோகன் அண்ணைக்குப் போர்த்தினார். பெடியள் கை தட்டினார்கள்.

யோகன் அண்ணைக்கு ஒன்றும் தெரியாது. அவர் கூம்புகளைப் பார்த்துவிட்டு, "பிள்ளையும் உதவிக்கு வந்திருக்கோ? நல்லது, நல்லது" என்றார்.

ஆரபி என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"அப்பா, ஆரை எடுத்தவை?"

"யோகன் அண்ணையை."

"எப்ப?"

"மாசியிலை."

"என்ர கடிதம் வாசிச்சவையா?"

"நான் வாசிக்கேல்லை."

"அப்ப என்ர பேர்?"

"படிவத்துக்குச் சேர்ட்டிபிக்கெட் வேணுமெண்டு நான்தான் போட்டனான்."

மனைவி சொன்னது சரி. அவள் அழவில்லை. கீறிய தாள்களை மடித்து யோகன் அண்ணையிடம் கொடுத்தாள். "அங்கிள், இது பெடியளுக்கு. லெஃப்ட்டில நிக்கிற ஆளை நடுவுக்கு ஓட விடாதேங்கோ" என்றாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"பிள்ளை, அவசரப்படாதை" என்று ஞானம் அண்ணை ஓடிவந்தார். "பேர் மட்டுந்தானே அம்மா."

"ஓம் அங்கிள், என்ர பேர்" என்று சொல்லிவிட்டு, தன்னைக் கேட்காமல் தன் பெயர் பதியப்பட்டிருக்கிறது, நீக்கிவிடுங்கள் என்று அவள் எழுதி அனுப்பினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

யோகன் அண்ணை நடந்ததை ஒருவரிடமும் கேட்கவில்லை, கேட்காமலே விளங்கிக்கொண்டார். பொன்னாடையை எடுத்து நாலாக மடித்து ஞானம் அண்ணையின் கார்க் கூரையில் வைத்துவிட்டு, கார் வந்த பாதையால் நடந்துபோனார். ஒருவரையும் நோகவிடாமல் இருக்க நாங்கள் செய்த ஏற்பாட்டில் நோகாதவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை.

8

அந்தக் கோடை எங்கள் கல்லூரி சுற்றுப்போட்டியில் இல்லை. பெடியளில் பாதிப்பேர் தாய்மாரின் கல்லூரி அணிகளுக்குப் போய் விளையாடினார்கள். நான் செயலாளர் பதவியை விட்டு விலகினேன். அதுவும் ஏகமனதாக ஏற்கப்பட்டது.

வீட்டில் ஆரபி என்னோடு கோபமாக இருக்கவில்லை. அது எனக்குக் கூடுதல் கஷ்டமாக இருந்தது. "குட் மோர்னிங் அப்பா" என்பாள். குப்பை வண்டி வரும் நாளை ஞாபகப்படுத்துவாள். மின்னஞ்சலில் "மதிப்புக்குரிய செயலாளர்" என்று எழுதியபோதுகூட இவ்வளவு மரியாதை இல்லை.

ஆவணியில் ஒரு நாள் ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு மூவரும் போனோம். காரில் திரும்பி வரும்போது மனைவி பின்னால் உறங்கிவிட்டாள். ஆரபி பக்கத்தில் இருந்தாள். நான் தெருவைப் பார்த்தபடியே, "நான் செய்தது பிழை" என்றேன். அவளுக்குச் சொல்லத் தமிழில் வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்பதை நான் ஆங்கிலத்தில் மட்டும்தான் பழகியிருக்கிறேன், அதுவும் வேலையிடத்தில்.

அவள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு சொன்னாள்.

"என்னை விலகச் சொல்லிக் கேட்டிருந்தா சண்டை பிடிச்சிருப்பன். ஆனா டீம் விளையாட ஏலாது, உன்ர பேரைத் தா எண்டு கேட்டிருந்தா, தந்திருப்பன் அப்பா."

இத்தனை நாளும் அவள் மாட்டேன் என்பாள் என்று நினைத்துத்தான் கேட்காமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. என் மகளை எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

இந்தக் குறிப்பை எழுதி முடித்ததும் அவளிடம் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும். இதை ஊரிலுள்ள பத்திரிகைக்கு அனுப்பலாமோ என்று கேட்டேன். யோசிச்சுச் சொல்லுறன் என்று மேலே கொண்டுபோனாள். நாலு நாள் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் தாள்களை என் மேசையில் வைத்தாள்.

"ஓம், அனுப்புங்கோ. ஆனா என்ர பேரை மாத்திப்போட்டு அனுப்புங்கோ."

மாற்றியிருக்கிறேன். ஆரபி என்பது அவளுடைய பெயர் இல்லை.